மொட்டை மாடி டவரும் காதோரப் போனும்: குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும்,

வணக்கம்.

மொட்டை மாடியில் செல்போன் ஆன்டெனா வைக்க ஒரு நிறுவனம் இடம் கேட்டால் பொதுக்குழுவில் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். வாடகை வரும் என்று நாலு பேர், புற்றுநோய் வரும் என்று நாற்பது பேர். எதிர்க் கட்டடத்தில் வந்துவிட்டால் பேச்சு இன்னும் சூடாகும். ஆட்சியருக்கு ஒரு மனு, மாநகராட்சிக்கு ஒரு மனு, சில ஊர்களில் சாலை மறியல்கூட. மனுக்களின் வாசகமோ எல்லா ஊரிலும் ஒரே அச்சு. ரேடியோ அலையை அளப்பதும் ஆன்டெனாவை நிறுவித் திருத்துவதும் எங்கள் தொழில். அந்த முறையில் சில கணக்குகளை உங்கள் முன் வைக்கிறோம். 'ஒன்றும் ஆகாது, போங்கள்' என்று தோளைத் தட்டிவிட்டுப் போவது எங்கள் நோக்கமில்லை. கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. உங்கள் மனுக்களில் அவை இல்லை என்பதுதான் எங்கள் குறை.

மனுவின் முதல் வரியிலிருந்தே தொடங்கலாம். "செல்போன் டவரால் புற்றுநோய் வரலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது." அந்த நிறுவனத்தின் கீழ் பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை, 2011 மே மாதம் ரேடியோ அலைகளை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. புற்றுநோய் வரலாம், ஆனால் சான்று குறைவு என்பது அந்தப் பிரிவின் பொருள். ஊறுகாய் போலப் பதப்படுத்தும் ஆசியக் காய்கறி வகைகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அது கிடக்கட்டும். எந்தச் சான்றை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. போனைக் காதில் வைத்துப் பல ஆண்டுகள் மிக அதிகமாகப் பேசியவர்களிடம் மூளைக்கட்டியும் செவி நரம்புக் கட்டியும் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வுகள்தான் அதற்கு அடிப்படை. டவர் போன்ற சுற்றுப்புற அலைகளைப் பொறுத்தவரை, முடிவு சொல்லவே சான்று போதாது என்றுதான் அதே குழு எழுதியது. அதாவது போனைப் பற்றிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு டவரின் மேல் வழக்குப் போடுகிறீர்கள்.

அந்தப் போன் ஆய்வுகளும் அதன்பின் எங்கே போய் நின்றன என்பதைச் சொல்லிவிட வேண்டும். 13 நாடுகளில் நடந்த 'இன்டர்ஃபோன்' ஆய்வு 2010-ல் வெளியானது. மொத்தத்தில் ஆபத்து கூடியதாக அதில் தெரியவில்லை. வாழ்நாளில் 1,640 மணி நேரமும் அதற்கு மேலும் பேசியவர்களிடம் மட்டும் கிளையோமா என்ற மூளைக்கட்டியின் விகிதம், வழக்கமாகப் போன் பேசாதவர்களோடு ஒப்பிட்டால் 1.40 மடங்கு என்று வந்தது. நோயாளியின் நினைவை நம்பிக் கேட்ட கணக்கு என்பதால் அதை வைத்துக் காரணம் காட்ட முடியாது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கோரிக்கைப்படி 63 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து 2024-ல் வெளியான தொகுப்பாய்வு, போனுக்கும் மூளைப் புற்றுக்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. டவர் பக்கம், பிரிட்டனில் ஐந்து வயதுக்குட்பட்ட புற்றுநோய்க் குழந்தைகள் 1,397 பேரையும் ஒப்பீட்டுக்காக 5,588 குழந்தைகளையும் எடுத்துக்கொண்டார்கள். கர்ப்ப காலத்தில் தாய் வசித்த வீட்டுக்கு அருகிலிருந்த டவர்களை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுப் பார்த்த அந்த ஆய்வும் 2010-ல் வந்தது; தொடர்பு எதுவும் தென்படவில்லை.

இப்போது கணக்குக்கு வருவோம். எளிய பெருக்கல் வகுத்தல்தான். பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

4ஜி போன் ஒன்று அதிகபட்சமாக வெளியிடக்கூடியது 200 மில்லிவாட், அதாவது ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. டவரில் ஒரு கேரியருக்கு, அதாவது ஒரு அலைவரிசையில் போகும் ஒரு ஒலிபரப்புக்கு, 20 வாட் முதல் 40 வாட் வரை. 20 என்றே எடுத்துக்கொள்வோம். டவரில் தொங்கும் சாம்பல் நிறச் செவ்வகப் பெட்டி இருக்கிறதே, இரண்டு மீட்டர் உயரம், ஒரு அடி அகலம், அதுதான் ஆன்டெனா. டார்ச் லைட்டின் கிண்ணம் பல்பின் ஒளியை ஒரே பக்கம் குவிப்பதுபோல அது அலையைத் தனக்கு முன்னால் மட்டும் குவிக்கிறது. குவிப்பு ஏறத்தாழ 50 மடங்கு. ஆகவே பெட்டிக்கு நேர் எதிரே நிற்பவருக்கு அது 1,000 வாட் விளக்குக்குச் சமம். ஆயிரம் எங்கே, புள்ளி இரண்டு எங்கே என்று தோன்றும். ஆனால் தூரம் இரட்டித்தால் அலையின் அடர்த்தி நாலில் ஒரு பங்காகும். பத்து மடங்கானால் நூறில் ஒரு பங்காகும். இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், முழு வலிமையில் இயங்கும் போனிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருப்பவருக்குக் கிடைக்கும் அடர்த்தி சதுர மீட்டருக்கு 16 மில்லிவாட். டவர் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே 71 மீட்டர் தள்ளி இருப்பவருக்கும் அதே 16 மில்லிவாட்தான். ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் சிக்னல் கிடைக்காத இடத்தில் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால், அந்த நேரத்துக்கு உங்கள் ஜன்னலுக்கு நேரே 71 மீட்டரில் ஒரு ஆன்டெனா நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் யாரும் மனுப் போடுவதில்லை.

டவரில் ஒரு கேரியரா இருக்கிறது என்று உடனே கேட்பீர்கள். சரியான கேள்வி. ஒரே பக்கம் பார்த்தபடி பத்து கேரியர் இருந்தால் 1,000 என்பது 10,000 ஆகும். 71 மீட்டர் 224 மீட்டர் ஆகும். ஆனால் போனையும் யாரும் ஒரு மீட்டர் தள்ளி வைத்துப் பேசுவதில்லை. காதில் ஒட்டித்தான் பேசுகிறோம். அவ்வளவு நெருக்கத்தில் அடர்த்திக் கணக்கு செல்லாது. உடல் உறிஞ்சும் ஆற்றலைத்தான் பார்க்க வேண்டும். அதற்கான அளவு 'சார்' மதிப்பு: ஒரு கிலோ திசு எத்தனை வாட் உறிஞ்சுகிறது என்பது. இந்தியாவில் விற்கும் போன்களுக்கு உச்ச வரம்பு, ஒரு கிராம் திசுவில் சராசரியாக கிலோவுக்கு 1.6 வாட். *#07# என்று அழுத்தினால் உங்கள் போனின் மதிப்பு திரையில் வரும்.

டவருக்கும் அதே அலகில் கணக்குப் போடலாம். 900 மெகாஹெர்ட்ஸில் சதுர மீட்டருக்கு 4.5 வாட் விழுந்தால் உடல் முழுக்கச் சராசரியாக கிலோவுக்கு 0.08 வாட் உறிஞ்சும் என்பது சர்வதேச நெறிமுறையின் அடிப்படை. உங்கள் படுக்கையறையில் டவரால் 10 மில்லிவாட் விழுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான வீடுகளுக்குள் இவ்வளவு இருக்காது. அப்படியானால் கிலோவுக்கு 0.00018 வாட். இருபத்து நாலு மணி நேரமும் அசையாமல் அங்கேயே இருந்தால் ஒரு நாளைக்கு கிலோவுக்கு 15 ஜூல். போனைக் காதில் வைத்துப் பேசும்போது, அது தன் முழுத் திறனில் பத்தில் ஒரு பங்கில் இயங்கினால் காதோரத் திசுவில் கிலோவுக்கு 0.1 வாட் என்று கொள்ளலாம். பத்து நிமிடப் பேச்சு 60 ஜூல். நாலு நாள் டவர் ஒரே ஒரு அழைப்பில் முடிந்துவிட்டது. சிக்னல் மோசமாகி போன் முழுத் திறனில் இயங்கினால் 600 ஜூல்; கிட்டத்தட்ட நாற்பது நாள். போன் தலையின் ஒரு ஓரத்தைத் தொடுகிறது, டவர் உடல் முழுவதும் பரவுகிறது. அதனால் இரண்டையும் ஒரே தராசில் துல்லியமாக நிறுக்க முடியாது. எந்தத் தட்டு தாழும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

'சிக்னல் மோசமானால்' என்று மேலே எழுதினோம். இந்த மடலை எழுதியதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். போன் எப்போதும் ஒரே வலிமையில் பேசுவதில்லை. டவர் சொல்லிக்கொண்டே இருக்கும்: கேட்கவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசு, போதும், குறைத்துக்கொள். 3ஜி-யில் இந்தக் கட்டளை நொடிக்கு 1,500 முறை போகிறது. 4ஜி, 5ஜி போன்கள் டவரிலிருந்து வரும் சிக்னல் எவ்வளவு தேய்ந்து வருகிறது என்று தாமே பார்த்து, டவரின் திருத்தத்தையும் கேட்டு வலிமையை வைத்துக்கொள்கின்றன. சிக்னல் 10 டெசிபல் குறைந்தால் போன் பத்து மடங்கு கத்த வேண்டும். 20 டெசிபல் குறைந்தால் நூறு மடங்கு. 200 மில்லிவாட் என்ற கூரையை முட்டும்வரை இது ஏறிக்கொண்டே போகும்.

இதை உங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்ற இடத்தில் மைனஸ் போட்ட ஒரு எண் டிபிஎம் என்ற அலகில் இருக்கும். (சில போன்களில் இடம் சற்று மாறும்.) 4ஜி-யில் மைனஸ் 85 நல்ல சிக்னல், மைனஸ் 110 மோசம். ஹால், படுக்கையறை, சமையலறை, லிஃப்ட், கீழ்த்தள வாகன நிறுத்துமிடம் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் பாருங்கள். கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன்னிஷ்டத்துக்கு வைத்திருக்கிறார். இப்போது எதிர் மாடி டவரைப் போராடி எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். படுக்கையறையின் மைனஸ் 85 மைனஸ் 105 ஆகும். நேற்றுவரை ஒரு மில்லிவாட்டில் பேசிய போன் இனி நூறு மில்லிவாட்டில் பேசும், அதுவும் காதோரத்தில். வெற்றி விழாக் கொண்டாடிய அன்றிரவே அந்த அடுக்ககத்தில் அதிகம் போன் பேசுகிறவரின் தலை வாங்கும் அளவு கூடத் தொடங்கிவிடும்.

அடுத்து நடப்பது இன்னும் மோசம். சிக்னல் போய்விட்டதே என்று இணையத்தில் 'சிக்னல் பூஸ்டர்' வாங்கி மாட்டுவார்கள். உரிமமின்றி அதை வாங்குவதும் வைப்பதும் இந்தியாவில் சட்ட விரோதம். சட்டத்தை விடுங்கள், அது செய்யும் வேலையைப் பாருங்கள். மலிவுப் பூஸ்டர் போனின் குரலோடு இரைச்சலையும் பெருக்கி டவருக்கு அனுப்புகிறது. கல்யாண வீட்டில் ஒருவர் மைக்கை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் எல்லோரும் கத்திப் பேச வேண்டியிருக்கிறதல்லவா, அதே கதை. டவரின் காது அடைபட்டுவிட, அந்தப் பகுதியில் இருக்கும் அத்தனை போன்களையும் சத்தமாகப் பேசச் சொல்கிறது. 'சி' பிளாக்கில் ஒருவர் மாட்டிய பெட்டியால் தெரு முழுக்கப் போன்கள் கத்துகின்றன. சிக்னல் வராத பிளாக்குக்கு முறையான வழிகள் உண்டு. டவர் வழியாக இல்லாமல் வீட்டு வைஃபை வழியாக அழைக்க உதவும் 'வைஃபை காலிங்' போனிலேயே இருக்கிறது, அதை இயக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கட்டடத்துக்குள்ளேயே சிறு ஆன்டெனாக்களைப் பரப்பித்தரும்படி சேவை நிறுவனத்திடம் சங்கம் எழுதிக் கேட்கலாம். விண்ணப்பம் வேலை செய்ய வேண்டுமானால், நீங்கள் குறித்து வைத்த டிபிஎம் பட்டியலை இணையுங்கள். 'சிக்னல் சரியில்லை' என்ற ஒற்றை வரிப் புகார் குப்பைக்குத்தான் போகும்.

போனைப் பற்றி இன்னும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். வீட்டுப் பெரியவர்களுக்கு 'கதிர்வீச்சு குறைவு' என்று பட்டன் போன் வாங்கித் தருகிறார்கள். அதில் 2ஜி போன் என்றால் நிலைமை தலைகீழ். 2ஜி போன் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் உச்சத்தில், எட்டில் ஒரு பங்கு நேரம் ஒலிபரப்புகிறது. சராசரி 250 மில்லிவாட். வலிமையைக் குறைத்துக்கொள்வதில் அது மந்தம். ஒவ்வொரு அழைப்பையும், டவர் மாறும் ஒவ்வொரு முறையையும் உச்சத்தில்தான் தொடங்கும். பேருந்தில் போய்க்கொண்டே பேசினால் டவர் மாறிக்கொண்டேதான் இருக்கும். அழைப்பு எடுத்ததும் பக்கத்து ரேடியோவில் 'டிட்-டிட்-டிட்' என்று கேட்குமே, அது இந்தத் துடிப்புதான். 4ஜி வசதியுள்ள பட்டன் போன்கள் கிடைக்கின்றன, அவற்றை வாங்கிக் கொடுங்கள்.

சார் மதிப்பு 0.6 உள்ள போன் 1.2 உள்ள போனைவிட இருமடங்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். போனை முழுத் திறனில் ஓட்டி அளந்த உச்சம் அது. அன்றாடத்தில் சிக்னலைப் பொறுத்து வெளியீடு நூறு, ஆயிரம் மடங்கு மாறும்போது இந்த இரண்டு மடங்கு காணாமல் போய்விடும். உடலோடு ஒட்டி வைக்கும்போது கிடைக்கும் மதிப்பு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12-ஐக் கையில் பிடிப்பதுபோலவும் பையில் வைப்பதுபோலவும் ஒட்டி அளந்தபோது, கிலோவுக்கு 4 வாட் என்ற வரம்புக்கு 5.74 வந்தது. அங்கே விற்பனையை நிறுத்தினார்கள். ஆப்பிள் மென்பொருளைத் திருத்திய பிறகே மீண்டும் விற்றார்கள். கதிர்வீச்சைக் குறைக்கும் என்று சொல்லிப் போனின் முதுகில் ஒட்டும் தங்க நிற ஸ்டிக்கர், 2020-ல் அறிமுகமான மாட்டுச் சாணச் சிப் ஆகியவற்றைப் பற்றி ஒரு வரி போதும்: அலையைத் தடுக்கவில்லையென்றால் காசு வீண். உண்மையிலேயே தடுத்தால் போனுக்கு அது மோசமான சிக்னலாகத்தான் தெரியும், இன்னும் கத்தும். காசு செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்றுதான்: ஸ்பீக்கரிலோ ஒயர் இயர்போனிலோ பேசுங்கள். தலைக்கும் போனுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி போதும், தலை உறிஞ்சுவது பெருமளவு சரிந்துவிடும். லிஃப்ட்டுக்குள் பேச வேண்டாம். இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து டவரைத் தேடும் போன் உச்சத்தில்தான் இருக்கும்.

இனி டவர் பக்கம். உங்கள் பயம் நியாயமாகும் இடங்களும் இங்கே இருக்கின்றன.

முதலில், டவர் எங்கே நிற்கிறது என்பதைவிட ஆன்டெனாவின் முகம் எங்கே பார்க்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு திசையை (செக்டரை) மட்டும் பார்க்கும் அந்தச் செவ்வகப் பெட்டி ஆன்டெனாவின் கதிர் பக்கவாட்டில் 65 பாகை அகலம்; மேல்கீழாக ஆறேழு பாகைதான், தோசை மாதிரித் தட்டையானது. அதைச் சில பாகை தரையை நோக்கிச் சாய்த்து வைப்போம். 30 மீட்டர் உயரத்தில் 6 பாகை சாய்த்தால் கதிரின் மையம் தரையைத் தொடுவது 285 மீட்டர் தாண்டி. விளக்கின் அடியில் இருட்டு என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. தலைக்கு மேலே டவர் நிற்கும் கடைசி மாடிக்காரருக்குக் கதிரின் நுனிச் சிதறல்தான் வரும். அதுவும் கான்கிரீட் தளத்தைக் கடக்கும்போது பத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் கீழாகவோ தேய்ந்துவிடும். தெருவுக்கு அந்தப் பக்கம், ஆன்டெனாவின் அதே உயரத்தில் ஜன்னல் திறந்திருக்கும் வீட்டுக்காரருக்கோ நேரடியாக வருகிறது. பெரும்பாலும் மனுப் போடுபவர் முதலாமவர். பிரிட்டனில் செல்போன்களின் உடல்நல விளைவுகளை ஆராய்ந்த ஸ்டூவர்ட் குழு 2000-ஆம் ஆண்டு பள்ளிக்கூடங்கள் விஷயத்தில் இதைப் பிடித்துவிட்டது. பள்ளியிலிருந்து இத்தனை மீட்டர் என்று தூரம் வகுக்காமல், கதிரின் உச்சம் பெற்றோரும் பள்ளியும் சம்மதிக்காமல் வளாகத்தில் விழக்கூடாது என்று பரிந்துரைத்தது. ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2012 நவம்பரில் பள்ளி, மருத்துவமனை அருகிலிருந்து டவர்களை அகற்றச் சொன்னதை மனுக்களில் மேற்கோள் காட்டுகிறீர்கள். பள்ளிக் கூரையிலிருந்து எடுத்து இருநூறு மீட்டர் தள்ளி வைத்தால் கதிரின் மையம் பள்ளி வகுப்பறையில் வந்து விழ வாய்ப்புண்டு. எங்கள் பார்வையில் ஸ்டூவர்ட் குழு கேட்டதே சரியான கேள்வி.

டவரில் எல்லோரும் முதலில் காட்டிப் பயப்படுவது வெள்ளை முரசு போன்ற வட்டத்தை. அது இன்னொரு டவரோடு மட்டும் பேசும் மைக்ரோவேவ் இணைப்பு. பென்சில் போன்ற மெல்லிய கதிர், வலிமை பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் கீழே. நடுவில் கட்டடம் வந்தால் இணைப்பே அறுந்துவிடும் என்பதால் அது உங்கள் வீட்டைத் தவிர்த்துத்தான் போகும். பாவம், பழி மட்டும் அதன் மேல்.

இந்தியாவின் வரம்பு, சர்வதேச நெறிமுறை அனுமதிப்பதில் பத்தில் ஒரு பங்கு என்று 2012 செப்டம்பர் 1 முதல் வைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸுக்குச் சதுர மீட்டருக்கு 0.45 வாட், 1800-க்கு 0.9 வாட், 2000-க்கு மேல் 1 வாட். நாம் பார்த்த 1,000 வாட் கதிர் 0.45-ஐத் தொடும் தூரம் 13 மீட்டர். மூன்று கேரியர் சேர்ந்தால் 23 மீட்டர். தொலைத்தொடர்புத் துறை, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் இருக்கும் கட்டடத்துக்கு ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், இரண்டு என்றால் 35 மீட்டர் என்று இடைவெளி வகுத்திருப்பது இந்தக் கணக்கையொட்டித்தான். ஆகவே மனு எழுதுமுன் டேப் எடுங்கள். எதிர் மாடி ஆன்டெனாவின் முகம் உங்கள் ஜன்னலைப் பார்க்கிறதா, உயரம் ஒன்றா, இடைவெளி எத்தனை மீட்டர், எத்தனை பெட்டிகள் என்ற நாலு விவரமும் புகைப்படமும் இருந்தால் அது புகார்.

அளக்கச் சொல்லவும் வழி இருக்கிறது. 2017 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் பகுதி டவர்களைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் தொலைத்தொடர்புத் துறையின் கள அலுவலகத்தினர் வந்து அளப்பார்கள். வரம்பு மீறியது உறுதியானால் நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். நாற்பது வீடு சேர்ந்தால் ஆளுக்கு நூறு ரூபாய். வக்கீல் நோட்டீசைவிட மலிவு.

அளக்க வரும்போது கூடவே நில்லுங்கள். பொதுவாக ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மீட்டர் உயரத்தில் கருவியை வைத்து, ஆறு நிமிடச் சராசரி எடுப்பார்கள். அந்த நேரத்தில் அறையில் இருக்கும் எல்லோரின் போனும் ஏரோபிளேன் மோடில் இருக்க வேண்டும், வைஃபை ரூட்டரை அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் டவரை அளக்காமல் உங்கள் சட்டைப்பையை அளந்துகொண்டிருப்பீர்கள். எண் மீட்டருக்கு வோல்ட் என்று வந்தால் அதன் வர்க்கத்தை 377-ஆல் வகுங்கள், சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்பது கிடைக்கும். 0.45 வாட்டுக்கு ஈடு 13 வோல்ட். பல அலைவரிசை இருந்தால் ஒவ்வொன்றையும் அதனதன் வரம்பால் வகுத்துக் கூட்ட வேண்டும், கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டக் கூடாது. உதாரணமாக 900-ல் 0.02 வாட், 1800-ல் 0.03, 2300-ல் 0.02, 3500-ல் 0.01 என்றால் கூட்டுத்தொகை 0.11, வரம்பில் ஒன்பதில் ஒரு பங்கு.

5ஜி-க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. 3.5 கிகாஹெர்ட்ஸ் ஆன்டெனா, கேட்பவர் இருக்கும் திசைக்கு மட்டும் கதிரைத் திருப்புகிறது. யாரும் கேட்காவிட்டால் அடங்கிக் கிடக்கிறது. அதிகாலையில் வந்து அளந்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்றால் ஒப்புக்கொள்ள வேண்டாம். மாலை நெரிசல் நேரத்தில் கேளுங்கள். அளக்கும் கருவியின் பின்னால் சில மீட்டர் தள்ளி, அதே திசையில் ஒரு 5ஜி போனை வைத்துப் பெரிய கோப்பொன்றைத் தரவிறக்கச் சொல்லுங்கள். முழுக் கொள்ளளவுக்கு எவ்வளவு வரும் என்ற கணிப்பையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

இணையத்தில் ஆயிரம், இரண்டாயிரத்துக்கு விற்கும் மீட்டர்களால் வரும் தொல்லை தனி. அவை மைக்ரோவாட்டில் காட்டும். '5,000' என்று எரிந்ததும் வீடே நடுங்கும். சதுர மீட்டருக்கு 5,000 மைக்ரோவாட் என்பது 0.005 வாட், அதாவது 900-ன் வரம்பில் நூறில் ஒரு பங்கு. சிவப்பு விளக்கு எரியும் எல்லையைக் கருவி செய்தவர் வைத்தார், சட்டம் வைக்கவில்லை. பலவும் ஒரே திசையை உணரும் வகை. கையைத் திருப்பினால் எண் மாறும். துடிப்பின் உச்சத்தைச் சராசரிபோலக் காட்டுபவையும் உண்டு.

கடைசியாக, உண்மையிலேயே வரம்பு மீறப்படும் ஓர் இடம். அதை எந்த மனுவிலும் காண முடிவதில்லை. மொட்டை மாடியில் மூன்று மீட்டர் கம்பத்தில் ஆன்டெனா. அதற்குப் பக்கத்தில் தூண் மேல் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் மூடியும் ஆன்டெனாவும் ஏறத்தாழ ஒரே உயரம். தொட்டி கழுவ வருபவர் ஏணியில் ஏறி, ஆன்டெனாவின் முகத்துக்கு ஓரிரு மீட்டரில் ஒரு மணி நேரம் நிற்கிறார். கட்டடத்தில் யாராவது வரம்பை மீறி அலையை வாங்குகிறார்கள் என்றால் அவர்தான். சங்கம் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒப்பந்தம் போடும்போதே தொட்டி, துணிக்கொடி, சோலார் தட்டு எதற்கும் எதிரே ஆன்டெனாவின் முகம் வராதபடி கம்பத்தின் இடத்தை வரைபடத்தில் குறித்து வாங்குங்கள். ஆன்டெனாவின் முதுகுப்பக்கம் முன்பக்கத்தைவிட முந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே என்பதால் தொட்டிக்கு முதுகு காட்டி நிற்பது நல்ல ஏற்பாடு. ஏற்கெனவே எதிரே நின்றுவிட்டால், தொட்டி கழுவும் நாளில் அந்தச் செக்டரை மட்டும் அணைத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அழைக்க வேண்டிய எண்ணை மாடிக் கதவிலேயே தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஒரு மஞ்சள் பலகை மாட்டிவிட்டுப் போவது தொட்டி கழுவுபவருக்கு உதவாது.

அதே ஒப்பந்தத்தில் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று கேளுங்கள். ஆன்டெனாவைவிடப் பேட்டரியும் இரும்புச் சட்டமும்தான் கனம். தூணோ உத்தரமோ இல்லாத இடத்தில் தளத்தின் நடுவில் வைத்துவிட்டுப் போனால் மழைக்காலத்தில் கீழ்வீட்டுக் கூரை சொல்லும். ஜெனரேட்டர் வைத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேல் சத்தம் கூடாது என்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வரம்பு இருக்கிறது; புகைக்குழாய் யார் வீட்டு ஜன்னல் பக்கம் திரும்புகிறது என்பதையும் பாருங்கள்.

அடுத்த பொதுக்குழுவுக்கு முன் பிளாக்குக்கு ஒருவர் வீதம் டிபிஎம் எண்களைக் குறித்து, ஆன்டெனாக்களின் முகம் பார்க்கும் திசையையும் இடைவெளியையும் ஒரு தாளில் வரைந்து தீர்மானப் புத்தகத்தோடு வையுங்கள். தொட்டி அடுத்து எந்தத் தேதியில் கழுவப்படுகிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ அலை அளவீட்டிலும் ஆன்டெனா நிறுவலிலும் பணிபுரியும் பொறியாளர்கள் சிலர்